வாசலில் கிடந்த பத்துக் கதிரைகள்: எங்கள் மரணாதாரச் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

தலைவர் ஐயா, செயலாளர் தம்பி, பொருளாளர், நிர்வாக சபையினர், மாதாமாதம் சந்தா கட்டும் 140 குடும்பத்தினர் எல்லோருக்கும் வணக்கம்.

ஒன்பது கிழமைக்கு முன்னால் வெளிமாவட்டத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பைபாஸ் செய்துகொண்டு வீடு திரும்பினேன். ஹபரணைக் காட்டுக்குள் ரோட்டில் யானை நின்றதால் வான் முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் திருகோணமலைக்கு வந்தது. படலையடியில் வான் கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டவை முற்றத்தில் வரிசையாகப் போட்டிருந்த பத்து நீலக் கதிரைகள். ஒவ்வொன்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டில் ‘ம.ஆ.ச.’ என்று எழுதியிருந்தது. மரண ஆதாரச் சங்கம்; சாவு வீடுகளுக்குப் போகிற நம் சங்கக் கதிரைகள்.

பார்க்க வருகிறவர்கள் இருக்கத் தேவைப்படும் என்று செயலாளர் தம்பி நல்ல மனதோடு முதல்நாளே இறக்கிவிட்டுப் போயிருக்கிறார். அது தெரியாமல் தெருவால் போன ஒரு மனுசி சைக்கிளை நிறுத்தி என் பெறாமகளிடம், “எத்தனை மணிக்குப் பிள்ளை எடுக்கிறது?” என்று கேட்டார். நான் வானுக்குள் இருந்து தலையை நீட்டி, “இன்னும் முடிவாகேல்லை, உள்ளே வாங்கோ” என்றேன். சிரித்தால் நெஞ்சு எப்படி நோகும் என்று அப்போதுதான் தெரிந்தது.

சிரிப்பு அடங்கிய பிறகும் அந்தக் கதிரைகள் என் மனதை விட்டுப் போகவில்லை. இந்த மடல் அவற்றைப் பற்றியதுதான்.

ஒரு வீட்டில் சாவு விழுந்தால் நம் சங்கம் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். 2011 இல் என் மனிசன் போனபோது அரை மணித்தியாலத்துக்குள் தறப்பாள் கட்டியாயிற்று. கதிரை வந்தது, லைட் வந்தது, ஜெனரேட்டர் வந்தது. கிராம அலுவலரிடம் ஓட ஒருவர், ஐயரைக் கூட்டிவர ஒருவர், பிளேன்டீ ஊற்ற நாலு பெடியன்கள். வேதக்கார வீடென்றால் ஐயருக்குப் பதில் சுவாமி, மற்றதெல்லாம் அதேதான். செத்த 31 ஆம் நாள் கிரியைக்குக் கன்னியா வெந்நீர்க் கிணற்றடிக்கு வான்கூடச் சங்கம்தான் பிடித்தது. இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று சொல்கிற அந்த ஏழு கிணற்றடியில், எந்தக் கிணற்றில் முதலில் வார்ப்பது என்றுகூட நான் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்த ஒரு மாதத்தில் என் குசினியில் அடுப்பு மூட்டிய நாட்களை விரல்விட்டு எண்ணலாம். அந்த நன்றி இன்றுவரை இருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இந்த முறை நான் சாகவில்லை. அதனால் எனக்குக் கதிரை மட்டும்தான் வந்தது.

பைபாஸ் என்றால் என்ன என்று பார்க்க வந்தவர்களில் பாதிப்பேருக்குத் தெரியவில்லை. எனக்கும் முன்பு தெரியாது. நெஞ்செலும்பை நடுவால் அறுத்து விரிக்கிறார்கள். காலில் இருந்து ஒரு நாளத்தை உருவி எடுத்து, அடைப்பைச் சுற்றிப் புதுப்பாதை போட்டு இதயத்தில் தைக்கிறார்கள். பிறகு எலும்பை ஸ்டீல் கம்பியால் கட்டிவிடுகிறார்கள். அந்தக் கம்பி ஆயுளுக்கும் உள்ளேயே கிடக்கும். எலும்பு பொருந்த ஆறு தொடக்கம் எட்டுக் கிழமை, நல்ல பலம் வர மூன்று மாதமளவு செல்லும். அதுவரை கையை ஊன்றி எழும்பக் கூடாது. தள்ளக் கூடாது, இழுக்கக் கூடாது, தண்ணீர் நிறைந்த கேத்திலை விடப் பாரமான எதையும் தூக்கக் கூடாது. இருமல் வந்தால் சின்னத் தலையணை ஒன்றை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இருமவேணும். நாளம் எடுத்த கால் வீங்கும். இருக்கும்போது உயர்த்தி வைக்கவேணும்.

இதெல்லாம் வீட்டுக்கு விடும்போது தந்த துண்டில் இருந்தது. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். 1987 இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழியாகிவிட்டது; அந்தத் துண்டுக்கு மட்டும் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. பக்கத்து வீட்டுச் சிங்களப் பிள்ளை ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொல்ல, நான் தமிழில் எழுதிக் கலண்டருக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அந்தப் பிள்ளை நம் சங்கத்தில் இல்லை.

பெறாமகள் லீவு போட்டு நாலு நாள் நின்றாள். அதற்கு மேல் அவளுக்கும் குடும்பம், வேலை. என் மகன் கட்டாரில், மகள் லண்டனில். இரண்டு பேரும் காசு அனுப்பினார்கள், ஒவ்வொரு நாளும் வீடியோவில் முகம் பார்த்தார்கள். ஆனால் ஐந்தாம் நாள் காலை பத்து மணிக்குக் கரண்ட் போய், மோட்டார் வேலை செய்யாமல், டாங்கியில் தண்ணீர் முடிந்து, நான் கக்கூசுக்குப் போயே ஆகவேண்டும் என்று நின்றபோது வீட்டில் யாரும் இல்லை.

கிணறு ஆழமில்லை. சின்ன வாளி. பாதி வாளி போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கயிற்றைப் பிடித்தேன். கப்பி இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கும். நெஞ்சுக்குள் ‘டக்’ என்று ஒரு சத்தம். விரலில் சொடக்கு எடுத்தால் வருமே, அதே மாதிரி, ஆனால் உள்ளுக்குள். கயிற்றை விட்டுவிட்டேன். வாளி போய் விழுந்த சத்தம் கேட்டது. கிணற்றுக்கட்டில் இருந்து, இரண்டு கையாலும் நெஞ்சைப் பொத்திக்கொண்டு, மூச்சை மெதுவாக எடுத்து எடுத்துப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். அன்று அரை வாளித் தண்ணீரின் நிறையைக் கணக்குப் பார்க்கத் தவறிவிட்டேன். அடுத்த கிளினிக்கில் அழுத்திப் பார்த்து, எலும்பு விலகவில்லை, இனி இந்த வேலை பார்க்க வேண்டாம் என்றார்கள். தப்பினேன்.

எங்கள் வீட்டில் இருப்பது குந்து கக்கூஸ். கையை ஊன்றாமல் அதில் குந்தி எழும்ப முயற்சி செய்து பாருங்கள், விளங்கும். கடையில் கொமேட் கதிரையின் விலையைக் கேட்டுவிட்டுப் பெறாமகள் திரும்பி வந்தாள். வந்து ஒரு வேலை செய்தாள். அதை இப்போது பகிரங்கமாக ஒப்புக்கொள்கிறேன்: சங்கத்தின் பத்துக் கதிரையில் ஒன்றின் நடுவில் ஓட்டை வெட்டியிருக்கிறோம். மேசன் வேலைக்கு வந்த பையன் ஒருவன் விளிம்பைத் தேய்த்து, ஆடாமல் இருக்க அடியில் பலகைச் சட்டம் அடித்துத் தந்தான். அந்தக் கதிரை இல்லாவிட்டால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எழும்புவதற்கும் ஒரு முறை இருக்கிறது. கதிரை நுனிக்கு அரக்கி வந்து, பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, தலையணையைக் கட்டிப்பிடித்து, மூக்கு கால் பெருவிரலுக்கு நேரே வரும்வரை முன்னால் சாய்ந்து, தொடைப் பலத்தில் எழும்பவேணும். மூன்றாம் கிழமை அளவில் அதில் எனக்குப் பட்டமே தரலாம்.

பெண்களுக்கு இன்னுமொரு சங்கடம் உண்டு. மார்பின் பாரம் வெட்டுக்காயத்தை இரண்டு பக்கமும் இழுக்கும். முன்பக்கம் கொழுவுகிற, இறுக்காத உள்சட்டையை இரவிலும் போட்டிருந்தால் அந்த எரிவு நன்றாகக் குறையும். இதை எழுத நான் வெட்கப்படவில்லை. யாரும் சொல்லித் தராததால் முதல் பத்து நாள் ஏன் இப்படி எரிகிறது என்று தெரியாமல் முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

சரி, ஊர்ச்சனம் வராமல் இல்லை. வந்தார்கள், கூட்டம் கூட்டமாக. இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மத்தியானம் இரண்டு மணிக்கு, இரவு முழுக்கப் பறந்த நித்திரை அப்போதுதான் கண்ணுக்குள் வரும் நேரத்தில், ஏழு பேர். உங்கள் கதிரைகள் நிறைந்துவிடும். ஒருவர் தன் மச்சான் இதே ஒபரேஷனில் எப்படிச் செத்தார் என்று ஆதியோடந்தமாகச் சொல்லி முடித்துவிட்டு, “நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ டீச்சர்” என்றார். பதினொரு பெட்டி நெஸ்டமோல்ட் சேர்ந்தது. எனக்கு நீரிழிவு இருப்பது ஊருக்கே தெரியும். வாழைச்சீப்புகள் எண்ணிக்கையில்லை. தோலை வெளியே போட, கோட்டைப் பக்கத்து மான்கள் இரண்டு பின்னேரங்களில் படலைக்கு வரத் தொடங்கின. என்னைப் பார்க்க வந்தவர்களில் கதை சொல்லாமல் போனவை அவைதான்.

சாப்பாட்டில் பெரிய யுத்தம். இறால் கிரந்தி, அதாவது புண்ணைக் கிளப்புமாம், நண்டு கிரந்தி, கத்தரிக்காய் கிரந்தி, அன்னாசி கிரந்தி. முட்டையும் வேண்டாம், புண் சீழ் பிடிக்கும் என்றார் ஒருவர். மூன்று நாள் ரசமும் சோறுமாக என்னைக் காயப்போட்டார்கள். வார்ட்டில் மிஸ் சொல்லி அனுப்பியதோ, புண் ஆறப் புரதம் வேணும், மீன், முட்டை, பருப்பு சாப்பிடு, உப்பைக் குறை என்று. உப்பைக் குறைத்துச் சமைக்கத் திருகோணமலையில் ஆள் தேடுவது லேசில்லை. ஒருவர் ஆசையாகக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்தார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். மூடியைத் திறந்து மணத்தை மட்டும் பிடித்துவிட்டு மூடினேன், கண் கலங்கிவிட்டது. மூன்றாம் கிழமை எனக்கு எதற்கெடுத்தாலும் அழுகை வந்தது, கருவாட்டுக்கு மட்டும் இல்லை. பைபாஸ் செய்தவர்கள் நிறையப் பேருக்கு அப்படி வருமாம், சில கிழமையில் தணியுமாம். அதையும் கிளினிக்கில்தான் கேட்டறிந்தேன். அதுவரை எனக்கு விசர் பிடிக்கிறது என்று நினைத்தேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியவர்கள் மூன்று நாலு பேர். என்னோடு படிப்பித்த ஒரு டீச்சர் ஆறு இரவு என் கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்தா. பக்கத்து வீட்டுச் சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மூன்று உருண்டை உள்ள மூச்சுக் கருவியை நான் உறிஞ்சும்போது எண்ணுவான். “ரெண்டு ஏறிட்டுது டீச்சர், மற்றதும் ஏறும், இழுங்கோ” என்பான். சுவாசப்பையில் சளி தங்காமல் இருக்கத்தான் அந்தக் கருவி. விழித்திருக்கும்போது மணிக்குப் பத்துத் தரம் இழுக்கச் சொல்லியிருந்தார்கள். அவன் இல்லாவிட்டால் நான் இரண்டோடு நிறுத்தியிருப்பேன். அப்புறம், கிளினிக்குக்குக் கூட்டிப்போன முஸ்லிம் ஓட்டோத் தம்பி. ஓட்டோவை நடக்கிற வேகத்தில் உருட்டி, ஒவ்வொரு குழிக்கும் முன்னால் திரும்பாமலே, “பள்ளம், அக்கா” என்பார். நான் தலையணையை நெஞ்சோடு அமத்துவேன். “முடிஞ்சுது, அக்கா.” விடுவேன். பத்திரகாளி கோயில் கடக்குமட்டும் பதினேழு பள்ளம் எண்ணினோம்.

இவர்கள் யாரும் ஒருவரோடு ஒருவர் பேசி முறை வைத்து வந்தவர்கள் இல்லை. அதனால்தான் ஒரு நாள் மூன்று வீட்டுச் சாப்பாடு வந்து பழுதாகும், அடுத்த நாள் பாண் துண்டும் இருக்காது. டீச்சர் வந்த இரவுகளில் நிம்மதி, அவருக்குக் காய்ச்சல் வந்த இரவில் நான் விடியும்வரை முழித்திருந்தேன். மனம் எல்லோருக்கும் இருந்தது. ஒரு கொப்பி இல்லை. பெயரும் திகதியும் எழுதிய ஒரு கொப்பி. அந்தக் கொப்பி எழுதுவதில் திருகோணமலையில் நம் சங்கத்தை மிஞ்ச ஆளில்லை.

யோசித்துப் பாருங்கள். பிள்ளை பெற்ற வீட்டுக்கு, முதல் பத்து நாளுக்குள் மிட்வைஃப் மிஸ் படலையைத் திறந்துகொண்டு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பா. செத்த வீட்டுக்கு நீங்கள் வருகிறீர்கள். நெஞ்சைப் பிளந்தவருக்கு, கர்ப்பப்பை எடுத்தவருக்கு, விழுந்து இடுப்பெலும்புக்கு உலோகம் வைத்தவருக்கு அப்படிப் படலை திறந்து வருகிற ஆள் இல்லை. எனக்கு ஒபரேஷனுக்கு ஒரு சதமும் எடுக்கவில்லை, அதற்கு இந்த நாட்டுக்குக் கும்பிடு. ஆனால் வார்ட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் ஆறு கிழமை வேலை தொடங்குகிறது.

ஆகவே சங்கத்திடம் கேட்பது இதுதான்: பெரிய ஒபரேஷன் முடிந்து வருகிற உறுப்பினர் வீட்டை 42 நாளுக்குச் சங்கத்தின் பொறுப்பில் எடுங்கள்.

நான் கணக்கு டீச்சர், கணக்கோடு வருகிறேன். போன வருடம் நம் பகுதியில் பெரிய ஒபரேஷன் செய்தவர்கள் எனக்குத் தெரிந்து ஐந்து பேர். ஒரு ஆளுக்கு 42 நாள், நாளுக்கு ஒரு மத்தியானச் சாப்பாடு என்றால் 210 சாப்பாடு. 140 வீட்டுக்குப் பிரித்தால் வீட்டுக்கு வருடத்தில் ஒன்றரைச் சாப்பாடு. சந்தாவில் ஒரு ரூபாய் கூட்டத் தேவையில்லை. தன் வீட்டுக்குச் சமைக்கும் சோறு கறியில், உப்புப் போடுமுன் ஒரு பங்கை எடுத்து வைத்தால் போதும். முதல் ஏழு இரவுக்கு ஒருவர் வந்து படுக்கவேணும். அதற்குப் பிறகு காலை எட்டு மணிக்கு ஒரு போன் அடித்தாலே போதும். எடுக்காவிட்டால் யாராவது ஓடிவந்து பார்க்கவேணும், அவ்வளவுதான். கிளினிக்குக்குப் போகும் நாளில் ஒரு துணை, மருந்து எடுக்கும் வரிசையில் நிற்க ஒரு பெடியன். டாங்கிக்குத் தண்ணீர் பார்க்க ஒருவர். கரண்ட் போனால் சாவு வீட்டுக்குக் கொண்டுபோகிற ஜெனரேட்டர் உயிரோடு இருக்கிறவர் வீட்டிலும் வேலை செய்யும்.

பார்க்க வருவதற்கும் நேரம் வையுங்கள். பின்னேரம் நாலரைக்கும் ஆறுக்கும் இடையில், ஒரு தரத்துக்கு மூன்று பேர், கால் மணித்தியாலம். காய்ச்சல், தடிமன் உள்ளவர்கள் போனில் சுகம் விசாரிக்கலாம். சங்கத்தின் பெயரில் ஒரு மட்டையில் எழுதிப் படலையில் தொங்கவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. நான் எழுதித் தொங்கவிட்டிருந்தால், “டீச்சருக்குப் பெருமை வந்திட்டுது” என்றிருப்பார்கள்.

“இது சங்க யாப்பு விதிகளில் இல்லையே” என்று பொருளாளர் சொல்வார், அவர் குரலே காதில் கேட்கிறது. இல்லைத்தான். 2004 மார்கழி 26 அன்று கடல் ஏறியபோது, சங்கத்தின் கிடாரங்களைப் பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் மூன்று கிழமை சோறு அவித்தோம். உயிரோடு இருந்தவர்களுக்குத்தான். அன்று யாரும் யாப்பைப் புரட்டவில்லை. பொருளாளர் அன்று வெங்காயம் உரித்தார், நான் பக்கத்தில் இருந்து தேங்காய் திருவினேன். இப்போது அவசரமில்லை, முறையாகப் பொதுக்கூட்டத்தில் வைத்து யாப்பைத் திருத்துங்கள்.

“நாங்கள் என்ன டொக்டரா, ஏதும் நடந்தால் எங்கள் தலையில் அல்லவா விடியும்?” இது நியாயமான பயம். யாரும் புண்ணைத் தொடவேண்டாம், மருந்து மாற்றவேண்டாம், எண்ணெய் பூசவேண்டாம். கவனித்துச் சொன்னால் போதும். காய்ச்சல் 38 பாகைக்கு மேலே போனாலும், காயம் சிவந்து நீர் கசிந்தாலும், இரண்டு நாளுக்குள் நிறை ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலும், நெஞ்செலும்பு ‘டக்’ என்றாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரியில் சொல்லவேணும். நெஞ்சு இறுகினால், படுத்தால் மூச்சு முட்டினால், பேச்சுக் குழறினால் யாரையும் கேட்டுக்கொண்டு நிற்காமல் 1990 ஐ அழைக்கவேணும். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. தமிழில் இதை ஒரு தாளில் எழுதிவிட்டேன், ஆஸ்பத்திரியில் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துப் பிரதி எடுத்து வைத்தால் அடுத்தவருக்கு உதவும்.

இன்னொன்று, இதை மெல்லமாகச் சொல்லவரவில்லை. நிர்வாக சபையில் பதினொரு பேர், பதினொன்றும் ஆம்பிளைகள். செத்தவீட்டில் அரிசி களைவது, பாத்திரம் தேய்ப்பது, அழுகிறவளைப் பிடித்துக்கொள்வது பெண்கள். ஒபரேஷன் முடிந்த ஒருத்திக்கு முதுகு தேய்த்துவிடுவதையும் உள்சட்டை கொழுவிவிடுவதையும் பற்றிப் பதினொரு ஆம்பிளைகள் கூடித் தீர்மானம் எடுக்க முடியாது. குறைந்தது நாலு பெண்களை எடுங்கள். எனக்கு இடம் வேண்டாம், என் பெயரைப் போடவும் வேண்டாம். ஆனால் கொப்பி எழுதுவது என் வேலை, அதை யாருக்கும் விட்டுத்தர மாட்டேன்.

இப்போது நான் காலையில் டச்சுக்குடாக் கடற்கரையில் இருபத்தைந்து நிமிடம் நடக்கிறேன். முதல் நாள் படலைவரைதான் நடந்தேன், திரும்பி வரும்போது மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கோணேசர் கோயில் ஏற்றத்துக்கு இன்னும் போகவில்லை. தை பிறக்கட்டும்.

ஒன்பது கதிரையையும் கழுவி, துடைத்து, விறாந்தையில் அடுக்கி வைத்திருக்கிறேன். அடுக்கியது பக்கத்து வீட்டுச் சின்னவன், நான் கதிரை தூக்க இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. ஆள் அனுப்பி எடுங்கள். பத்தாவதின் விலையைப் பொருளாளரிடம் தந்துவிடுவேன், ஆனால் கதிரையைத் திருப்பித் தரமாட்டேன். அடுத்த தெருவில் ஒருவருக்கு வருகிற கிழமை இடுப்பில் ஒபரேஷன். அவர் வீட்டிலும் குந்து கக்கூஸ்தான். முதுகில் இருந்த ‘ம.ஆ.ச.’வைச் சுரண்டி எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக என்ன எழுதுவது என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்துச் சொல்லுங்கள், பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
2003 இலிருந்து சந்தா பாக்கியில்லாத உறுப்பினர்,
ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்,
திருகோணமலை.